கலந்து ஊற்றிய கறியும் பிசிஓஎஸ் புரதப் பட்டியலும்

அக்கா மகள் தன் சினைப்பையின் ஸ்கேன் படத்தை என் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். பினாங்கின் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை; இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள். வழவழப்பான தாள், ஓரம் சுருண்டு கிடந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு முட்டை வடிவம். அதன் விளிம்பை ஒட்டி வரிசையாகக் கறுப்புக் குழிகள், தோட்டைச் சுற்றிப் பதித்த முத்து மாதிரி. விரல் வைத்து எண்ணினாள். பதினான்கு வரை வந்து நிறுத்தினாள்.

"சித்தி, இந்தக் கட்டியையெல்லாம் எடுத்துட்டா சரியாயிடும்ல?"

கூடவே கைப்பேசியில் ஒரு செய்தியையும் காட்டினாள். பிசிஓஎஸ், அதாவது பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களின் சினைப்பையில் சில புரதங்கள் கூடியும் குறைந்தும் இருக்கின்றனவாம். "அப்போ அந்தப் புரதத்தைச் சரி பண்ற மருந்து சீக்கிரம் வந்துடும்தானே?"

பினாங்கில் மருத்துவ ஆய்வுக்கூட வேலையிலேயே என் பாதி வயது கழிந்துவிட்டது. இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு முகங்களிலிருந்து பலமுறை எனக்கு வந்திருக்கின்றன. பசியாறிக்கொண்டே அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

அந்தக் கறுப்புக் குழிகள் கட்டிகளே இல்லை. முட்டையை வைத்திருக்கும் சிறு பைகள், அதாவது நுண்பைகள். மாதாமாதம் ஒரு கூட்டம் நுண்பைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் வரை பெருத்து, உடைந்து, முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கிப் போகும். பிசிஓஎஸ் இருக்கும்போது பல மாதங்களில் அந்த முந்துகிற ஒன்று வருவதே இல்லை. கூட்டமாகக் கிளம்பியவை 10 மில்லிமீட்டரைத் தொடும் முன்பே நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் தெரிவது பாதி வழியில் நின்ற அந்தக் கூட்டம்தான். நாம் வாய்வழக்காக 'நீர்க்கட்டி' என்கிறோம். பல கட்டிகள் என்று பொருள்படும் 'பாலிசிஸ்டிக்' என்ற ஆங்கிலப் பெயரிலும் அதே தவறு இருக்கிறது. 2012-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே இந்தப் பெயர் குழப்புகிறது, மாற்றுங்கள் என்று சொன்னது.

ஆனால் வெட்டி எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. 1935-ல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் நின்றுபோயிருந்த அந்தப் பெண்களின் இரண்டு சினைப்பைகளிலிருந்தும் பெரிய துண்டை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இரண்டு பேர் கருவுற்றார்கள். கட்டி போனதால் குணமானது என்றுதான் அன்றைக்குத் தோன்றியிருக்கும். இன்று அதைப் படிக்கும்போது, வெட்டி எடுத்த துண்டோடு ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும் திசுவும் சேர்ந்து போனதுதான் கண்ணில் படுகிறது. புரதக் கதை தொடங்குவதும் அந்தத் திசுவில்தான்.

ஒவ்வொரு நுண்பையையும் இரண்டு வகைச் செல்கள் சூழ்ந்திருக்கின்றன. வெளிச்சுவரில் தீக்கா செல்கள், உள்ளே முட்டையை ஒட்டி கிரானுலோசா செல்கள். தீக்கா செல் கொலஸ்ட்ராலை எடுத்து, படிப்படியாக ஆண்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண்களின் ஹார்மோன் என்று நாம் சொல்லும் அதே ஆண்ட்ரோஜன்தான். எல்லாப் பெண்ணின் உடலிலும் அது உண்டு, தேவையும்கூட. அப்புறம் கிரானுலோசா செல் அதை வாங்கி, அரோமட்டேஸ் என்ற புரதத்தின் உதவியோடு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. ஒருவர் செய்து கொடுப்பதை இன்னொருவர் வாங்கி முடிக்கிற வேலை. பிசிஓஎஸ்-ல் தீக்கா பக்கம் வேலை மிஞ்சிப் போகிறது, வாங்கி முடிக்கிற பக்கம் பின்தங்குகிறது. மூளையிலிருந்து வரும் எல்எச் ஹார்மோனும் இரத்தத்தில் கூடிய இன்சுலினும் தீக்கா செல்லை இன்னும் முடுக்கிவிடுகின்றன. அதே இன்சுலின் கல்லீரலுக்குப் போய், ஆண்ட்ரோஜனைக் கட்டிப்போடும் எஸ்எச்பிஜி என்ற புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. கட்டில்லாமல் திரியும் ஆண்ட்ரோஜன் தாடையில் முடியாகவும் முகத்தில் பருவாகவும் வெளியே தெரிகிறது.

இங்கே வேலை செய்யும் ஒவ்வொன்றும் புரதம் என்பதைக் கவனியுங்கள். கொலஸ்ட்ராலை மாற்றுவது, ஹார்மோனின் சேதியை வாங்குவது, ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைப்பது எல்லாமே புரதங்கள்தான். மரபணுவைப் படித்தால் ஒரு செல் என்னவெல்லாம் செய்யக்கூடும் என்று தெரியும். இப்போது எதைச் செய்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் புரதத்தைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் ஆய்வாளர்கள் சினைப்பைத் திசுவையே எடுத்து, அதிலுள்ள புரதங்களை மொத்தமாக எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்? பழைய முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்க்க முடியும். திசுவை அரைத்துக் கரைசலாக்கி, ஒரு பட்டையான ஜெல்லில் விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். ஒவ்வொரு புரதமும் தன் அமிலத் தன்மைக்கு ஏற்ற இடத்தில் போய் நிற்கும். அந்தப் பட்டையை இன்னொரு பெரிய ஜெல்லின் தலையில் வைத்து மறுபடி மின்சாரம். இப்போது எடைக்கு ஏற்றபடி கீழே இறங்கும், கனமானது மேலே தங்கும், லேசானது அடிவரை ஓடும். 1975-ல் பாட்ரிக் ஓஃபாரல் வகுத்துக் கொடுத்த வழி இது. சாயம் ஏற்றி விளக்குப் பெட்டியில் வைத்தால், ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் மாதிரி நூற்றுக்கணக்கில் நீலப் புள்ளிகள் தெரியும். முதன்முதலில் அப்படி ஒன்றைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு திசு அந்த நொடியில் செய்துகொண்டிருந்த அத்தனையும் கையளவு ஜெல்லில் கிடந்தது.

இரண்டு ஜெல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் புள்ளி பெருத்திருக்கிறது, எது மங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வேறுபடும் புள்ளியைக் கத்தியால் வெட்டி எடுத்து, டிரிப்சின் போட்டுத் துண்டு துண்டாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை போட்டால் அது எந்தப் புரதம் என்று பெயர் கிடைக்கும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறைச் சிதைக்காமல் இந்த எடைக்கருவிக்குள் பறக்கவிடும் வழிகளைக் கண்டவர்கள் ஜான் ஃபென்னும் கோயிச்சி தனாகாவும். 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. இன்று ஜெல் இல்லாமலே ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே ஓட்டத்தில் கருவி படித்துவிடுகிறது.

இந்த ஜெல் முறையில், பிசிஓஎஸ் சினைப்பையையும் சாதாரண சினைப்பையையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2007-ல் சீனாவிலிருந்து வெளிவந்தது. 110 புள்ளிகள் வேறுபட்டன. 54 கூடியிருந்தன, 56 குறைந்திருந்தன. அதில் 69-க்குப் பெயர் தெரிந்தது. அதற்கு முன் ஒரு ஹார்மோன், அதன் சேதியை வாங்கும் ஒரு ஏற்பி என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த துறைக்கு இது பெரிய மாற்றம். சினைப்பை முழுதுமே வேறு மாதிரி இயங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்தது.

சரி, அப்படியானால் அந்த 110-ல் எது குற்றவாளி? இங்கேதான் நிதானம் வேண்டும்.

நாசி கண்டார் கடைக்குப் போய் 'பஞ்சிர்' என்று சொன்னால் என்ன செய்வார்கள்? கோழிக் கறி, மீன் கறி, மாட்டுக் கறி, பருப்பு என்று ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சோறு மூழ்க ஊற்றுவார்கள். சாப்பிட அருமை. ஆனால் அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு, எந்தச் சட்டியில் உப்புக் கூடிவிட்டது என்று உங்களால் சொல்ல முடியுமா? சினைப்பைத் திசுவை அரைத்தால் நடப்பது அதுதான். தீக்கா, கிரானுலோசா, இடையில் தாங்கி நிற்கும் இணைப்புத் திசு, இரத்தக் குழாய், கொஞ்சம் இரத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிசிஓஎஸ் சினைப்பையில் இணைப்புத் திசு இயல்பாகவே தடித்திருக்கும். எனவே ஒரு புரதம் கூடியிருக்கிறது என்றால், ஒவ்வொரு செல்லும் அதை அதிகம் செய்கிறது என்று பொருள் கொள்ள முடியாது. அந்த வகைச் செல்லே அதிகம் இருக்கிறது என்றும் இருக்கலாம். ஒரு சட்டியில் உப்புக் கூடியதும், அந்தச் சட்டியிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றியதும் நாக்குக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்தது, யாருடைய சினைப்பை? நோயில்லாத இளம்பெண் யாரும் ஆய்வுக்காகச் சினைப்பையைக் கொடுக்கப் போவதில்லை. ஒப்பிடும் திசு வேறு காரணத்துக்காக அறுவை சிகிச்சைக்கு வந்த பெண்களிடமிருந்துதான் வர வேண்டும். அவர்களின் வயது, எடை, எடுத்துக்கொண்ட மாத்திரை, மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதெல்லாம் புரதத்தை மாற்றும். பத்தாம் நாள் சினைப்பையும் இருபதாம் நாள் சினைப்பையும் ஒரே பெண்ணிடமே வேறு வேறாக இருக்கும். இதனால்தான் பல குழுக்கள் திசுவை விட்டுவிட்டு, சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு முட்டை எடுக்கும்போது கூடவே வரும் நுண்பை நீரையும் கிரானுலோசா செல்களையும் நோக்கித் திரும்பின. அது கிடைப்பது எளிது, செல் வகையும் தெளிவு. ஆனால் அந்தப் பெண்கள் எல்லோரும் ஹார்மோன் ஊசி போட்டு வந்தவர்கள். ஒரு சிக்கலை விட்டு இன்னொன்றைப் பிடித்த கதைதான்.

கணக்கும் ஒன்று இருக்கிறது. ஆயிரம் புரதங்களை ஒப்பிட்டு, இருபதுக்கு ஒன்று என்ற வழக்கமான தற்செயல் வரம்பை வைத்தால், எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு கூட்டங்களிலும் சுமார் ஐம்பது புரதங்கள் 'வேறுபட்டதாக' வந்து நிற்கும். நல்ல ஆய்வுகள் இதைத் திருத்திக் கணக்கிடுகின்றன. திருத்தாதவையும் இணையத்தில் சுற்றுகின்றன. 2008-ல் பிராகு நகரத்து ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். எந்த நோயைப் பற்றிய ஜெல் ஆய்வானாலும் ஈனோலேஸ், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று அதே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. புற்றுநோயோ இதய நோயோ, பட்டியலின் தலையில் அதே முகங்கள். அவை செல் அவதிப்படும்போது பொதுவாக எழும் புரதங்கள். வீட்டில் புகை வந்தால் எல்லா வீட்டிலும்தான் இருமுவார்கள். இருமலைக் கேட்டு அடுப்பில் என்ன கருகியது என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் சொல்வது ஆய்வுகளை மட்டம் தட்ட அல்ல. பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லத்தான். பட்டியல் ஒரு நாள் எடுத்த புகைப்படம். அதில் இருப்பவர்களில் யார் தொடங்கினார்கள், யார் பின்னால் ஓடி வந்தார்கள் என்று தெரிய, ஒவ்வொருவரையும் தனியே பிடித்து, கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த சில புரதங்களின் கதைதான் என்னை உண்மையில் ஈர்க்கிறது.

டென்டி1ஏ என்று ஒன்று. 2011-ல் சீனாவின் ஹான் இனப் பெண்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது பிசிஓஎஸ்-சோடு சேர்ந்து வந்த இடங்களில் இந்த மரபணுவும் இருந்தது. 2014-ல் அமெரிக்காவில் ஜான் மெக்கலிஸ்டர், ஜெரோம் ஸ்ட்ராஸ் குழுவினர் இதே மரபணுவிலிருந்து வரும் இரண்டாம் வடிவப் புரதம் பிசிஓஎஸ் தீக்கா செல்களில் கூடியிருப்பதைக் கண்டார்கள். அதோடு நிற்கவில்லை. சாதாரணப் பெண்ணின் தீக்கா செல்லில் அந்தப் புரதத்தை வலிந்து கூட்டினார்கள். அது பிசிஓஎஸ் செல் மாதிரி ஆண்ட்ரோஜனைக் கொட்டத் தொடங்கியது. பிசிஓஎஸ் செல்லில் அதைக் குறைத்தபோது ஆண்ட்ரோஜன் இறங்கியது. ஒரு பட்டியலால் செய்ய முடியாத வேலை இது.

அளவு மாறாமலே கெட்டுப்போகும் புரதமும் உண்டு. 1995-ல் ஆண்ட்ரியா துனாய்ஃப் குழு, பிசிஓஎஸ் பெண்களின் தோல் செல்களில் இன்சுலின் ஏற்பியை ஆராய்ந்தது. ஏறத்தாழப் பாதிப் பெண்களிடம், ஏற்பியின் தவறான இடத்தில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை மந்தப்படுத்தியிருந்தது. கதவு அங்கேயேதான் இருக்கிறது, தாழ்ப்பாள்தான் துருப்பிடித்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

மூன்றாவது கதை நம் தோட்டத்து மக்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. பாட்டி சொல்வார், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்திலேயே கொயினா என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து, விழுங்கும்வரை கங்காணி நின்று பார்ப்பார் என்று. மலேரியா அப்படி ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம். கொயினாவுக்குப் பல காலம் பிறகு, 1970-களில் சீனாவில் டூ யூயூ மாசிபத்திரி இனச் செடி ஒன்றிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த மலேரியா மருந்தின் வழித்தோன்றல்தான் 2024-ல் பிசிஓஎஸ் ஆய்வில் வந்து நின்றது. கொலஸ்ட்ராலை ஆண்ட்ரோஜனாக்கும் பாதையின் முதல் படியில் சிப்11ஏ1 என்ற புரதம் இருக்கிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் லான்பி1 என்ற இன்னொரு புரதம், தேவையற்ற புரதங்களை உடைத்துப் போடும் வேலையைச் செய்கிறது. ஆர்ட்டிமிசினின் வகை மருந்து இவை இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. லான்பி1 சிப்11ஏ1-ஐ உடைக்கிறது, ஆண்ட்ரோஜன் குறைகிறது. ஷாங்காயில் 19 பெண்களுக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது.

படித்தவுடன் மனசு துள்ளத்தான் செய்கிறது. ஆனால் 19 பேர்தான், ஒப்பிட வெற்று மாத்திரை வாங்கிய கூட்டமும் இல்லை. பிசிஓஎஸ்-க்கு என்று இது இன்னும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல. இந்தச் செடியின் பெயரைப் போட்டுப் பொடியாகவும் டீயாகவும் விற்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். மலேரியாக் கிருமி இந்த மருந்துக்கு எதிர்ப்புக் காட்டத் தொடங்கியது நமக்குப் பக்கத்துக் கம்போடியாவில்தான். கண்டபடி எல்லோரும் விழுங்கினால் அந்த நெருப்புக்கும் விறகு போடுகிறோம்.

அக்கா மகளின் இரண்டாவது கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. புரதத்தைக் குறிவைக்கும் மருந்து இனிமேல்தான் வர வேண்டும் என்பதில்லை. கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல், முன்னே சொன்ன அரோமட்டேசைத்தான் சில நாட்களுக்கு அடக்கி வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்கியதைப் பார்த்து மூளை எஃப்எஸ்எச் ஹார்மோனை அதிகம் அனுப்ப, நுண்பை ஒன்று முந்தி வளர்கிறது. 2014-ல் 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள், பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1 விழுக்காடு. கருத்தடை மாத்திரையை மாதவிடாய்க் கோளாறுக்குக் கொடுத்தால் அம்மாக்கள் பதறுகிறார்கள். அந்த மாத்திரை கல்லீரலில் எஸ்எச்பிஜி புரதத்தைக் கூட்டி, திரியும் ஆண்ட்ரோஜனைக் கட்டிப்போடுகிறது, கருப்பையின் உட்சுவரையும் காக்கிறது. கிரானுலோசா செல்கள் சுரக்கும் ஏஎம்எச் என்ற புரதமோ இரத்தப் பரிசோதனையாகவே வந்துவிட்டது. 2023-ல் வெளியான உலகளாவிய வழிகாட்டி, வளர்ந்த பெண்களிடம் ஸ்கேனுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. பதின்வயதுப் பெண்களுக்கு இரண்டுமே வேண்டாம் என்கிறது, ஏனென்றால் அந்த வயதில் நுண்பைகள் நிறைய இருப்பது இயல்பு. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டு கல்யாணக் கவலை படுகிற வீடுகள் எனக்குத் தெரியும். அந்தத் தாளை மடித்து வையுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் மிக நெருக்கமாக நிற்பது இன்சுலின் பக்கம்தான். 2019-ல் நாடு தழுவ எடுத்த சுகாதாரக் கணக்கில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். பிசிஓஎஸ் உள்ள பெண் ஏற்கெனவே அந்தப் பாதையில் ஓரடி முன்னே நிற்கிறாள். ஆனால் கிளினிக்கில் பல நேரம் அவள் கேட்டு வருவது "உடம்பைக் குறை" என்ற ஒரு வாக்கியம் மட்டும். குண்டான பெண் அந்த அவமானத்தோடு திரும்புகிறாள். ஒல்லியான பெண்ணுக்கோ சர்க்கரைப் பரிசோதனையே எழுதுவதில்லை. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. அதே 2023 வழிகாட்டி, உடல் எடை எதுவானாலும் குளூக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையே மிகச் சரியாகக் காட்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் போதாது. அதேபோல் தொண்ணூறு நாளுக்கு மேல் மாதவிடாய் வராமல் போனால், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், பிள்ளை வேண்டும் வேண்டாம் என்பதெல்லாம் ஒருபுறம் இருக்க, மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கருப்பைச் சுவர் கழியாமல் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல.

அக்கா மகள் ஒல்லி. நாற்பத்தேழு கிலோ. அவள் கையிலிருந்த பரிசோதனைத் தாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 5.1 மில்லிமோல், பக்கத்தில் 'இயல்பு' என்று அச்சாகியிருந்தது. மறு வாரமே ஓய்வு நாளில் அவளை அழைத்துக்கொண்டு போனேன். 75 கிராம் குளூக்கோஸ் கரைத்த தண்ணீரை முகம் சுளித்துக் குடித்தாள். எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும் என்று நான் சொன்னது பொய் என்றாள். இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பிறகு எடுத்த இரத்தத்தில் 8.9 வந்தது. 7.8-ஐத் தாண்டக் கூடாது. 11.1-ஐத் தொட்டால் நீரிழிவு. இவள் நடுவில் நிற்கிறாள்.

மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரவு ஷிப்டைக் குறைக்க முடியுமா என்று வேலையிடத்தில் கேட்கச் சொல்லி ஒரு கடிதமும் தந்தார். ஸ்கேன் படம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது; அவள் திரும்பக் கேட்கவில்லை.